தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும் வரை

முதல் நாள், ஜூன் 10

மகன் ஒசாகாவில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. இந்த முறை வந்த முதல் வாரம் கோட்டை, கோயில், கடைத்தெரு என்று அவன் கூட்டிப்போன இடமெல்லாம் பேசாமல் போய்வந்தேன். எட்டாம் நாள் பொறுக்கவில்லை. "ஏண்டா, இந்த நாட்டில் வயல் எங்கேதான் இருக்கு?" என்று கேட்டுவிட்டேன். திருவாரூர்ப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் வேறு என்ன கேட்பாள்?

"நாரைக்காக விவசாயம் பண்ற ஊர் ஒண்ணு இருக்கும்மா. ஒரு விவசாயி வீட்டிலேயே தங்கலாம். போறியா?" என்றான் இரண்டு நாள் கழித்து. அவனுக்கு லீவு இல்லை. ஆக, ஐந்து இரவு. நான், ஒரு பெட்டி, செல்போனில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி. தினமும் என்ன பார்த்தேன் என்று எழுதிப் போடச் சொன்னதும் அவன்தான். நான் தொலைந்துபோகவில்லை என்று தெரிந்துகொள்ள அவனுக்கு இது ஒரு வழி.

ஊரின் பெயர் டொயோகா. ஹியோகோ மாநிலத்தின் வடக்கு ஓரம், ஜப்பான் கடலை ஒட்டி இருக்கிறது. ஒசாகாவிலிருந்து இரண்டரை மணி நேரம். ரயிலுக்குப் பெயரே 'கோனோடோரி'. அந்த நாரையின் பெயர்தான் அது. நம் செங்கால் நாரைக்குப் பங்காளி முறை. வெள்ளை உடம்பு, இறக்கையில் கறுப்பு, சிவந்த கால் எல்லாம் அப்படியே. அலகு மட்டும் நம்முடையதற்குச் சிவப்பு, இதற்குக் கறுப்பு.

நகரம் முடிந்ததும் மலை, குகைப்பாதை, மறுபடியும் மலை. இடையிடையே கைக்குட்டை விரித்த மாதிரி வயல்கள். எல்லாவற்றிலும் நடவு முடிந்துவிட்டது. ஜன்னலை விட்டு முகத்தை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்தேன். வயலில் ஆளே இல்லை. ஒரு முண்டாசு இல்லை, டீ வாளியோடு வரப்பில் நடக்கும் பையன் இல்லை. ஒரு மணி நேரத்தில் நான் எண்ணியது மூன்று பேர். மூன்று பேருமே வயதானவர்கள். 2020 கணக்கெடுப்பில், விவசாயமே முக்கியத் தொழிலாகக் கொண்ட ஜப்பானியர்களின் சராசரி வயது 67.8. இது மகன் முன்பே சொன்ன தகவல். கேட்டபோது எண்ணாகத்தான் இருந்தது.

ஸ்டேஷனில் நல்ல தூறல். வீட்டுக்காரர் ஒரு பொம்மை மாதிரி இருந்த வெள்ளை மினி லாரியோடு நின்றிருந்தார். வயது எழுபத்திரண்டு. மரியாதையாக இருக்கட்டும் என்று மகன் சொல்லிக்கொடுத்தபடி 'ஒஜிசான்' என்று கூப்பிட்டேன். அவர் முகம் ஒரு கணம் தொங்கியது. பிறகு பெரிதாகச் சிரித்தார். ராத்திரி போனில் மகன் விளக்கினான்: 'ஒஜிசான்' என்றால் மாமா, சித்தப்பா. 'ஒஜீசான்' என்றால் தாத்தா. நான் இழுத்துத் தாத்தா ஆக்கிவிட்டேன். குறில் நெடிலோடு பிறந்த தமிழச்சி செய்கிற தப்பா இது!

லாரியில் ஏறியதும் அவர் சொன்ன முதல் வாக்கியத்தைச் செயலி இப்படிச் சொன்னது: "மதிய உணவை மறந்தாலும் குடையை மறக்காதே." இந்தப் பக்கத்துப் பழமொழியாம். நான் குடையை ஒசாகாவிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

இரண்டாம் நாள், ஜூன் 11

வீட்டம்மா என்னைக் காலையில் கோனோடோரிப் பூங்காவில் இறக்கிவிட்டார். (அவரை 'ஒபாசான்' என்று குறிலோடு, ஜாக்கிரதையாகக் கூப்பிடுகிறேன். நீட்டினால் பாட்டி.) பூங்கா மாநில அரசுடையது, 1999-இல் திறந்தது. கூரையில்லாத பெரிய அடைப்பில் இறகு கத்தரித்த நாரைகள் சில உலாத்துகின்றன. நின்றால் கிட்டத்தட்ட என் மார்பு உயரம். இறக்கையை விரித்தால் இரண்டு மீட்டர். தீனி போடும் நேரத்தில் சாம்பல் நாரைகள் எங்கிருந்தோ வந்து வரிசையில் நிற்கின்றன, அழைப்பில்லாத கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி.

இந்தப் பறவைக்குக் குரல் கிடையாது. ஜோடியில் ஒன்று தலையைப் பின்னால் முதுகுவரை சாய்த்து அலகைப் படபடவென்று அடிக்கிறது. மற்றது பதிலுக்கு அடிக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால், மன்னார்குடியில் நான் படித்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி இருந்தது.

கதை இதுதான். ஒரு காலத்தில் ஜப்பானில் பரவலாக இருந்த பறவை. மெய்ஜி மன்னர் காலத்தில் (1868 முதல் 1912 வரை) துப்பாக்கிக்கு நிறைய போனது. போர்க்காலத்தில், கூடு கட்டும் உயரமான பைன் மரங்களை வெட்டினார்கள். மிச்சம் இருந்தவை டொயோகா மாதிரி சில சதுப்பான பள்ளத்தாக்குகளில் ஒண்டிக்கொண்டன. அப்புறம் வயலுக்கு மருந்து வந்தது. செத்த நாரைகளின் உடம்பில் பாதரசம் இருந்தது. 1965-இல் மிஞ்சியவற்றில் ஒரு ஜோடியைப் பிடித்துக் கூண்டில் விட்டு இனப்பெருக்கம் செய்யப் பார்த்தார்கள். 1971-இல் நாட்டின் கடைசிக் காட்டு நாரை இங்கேதான் செத்தது.

கூண்டில் வருடக்கணக்கில் முட்டை பொரியவில்லை. எத்தனை வருடம் தெரியுமா? 1985-இல் அன்றைய சோவியத் ஒன்றியத்தின் கபரோவ்ஸ்க்கிலிருந்து ஆறு இளம் நாரைகள் வந்தன. 1989-இல்தான் முதல் குஞ்சு. ஒரு ஆள் வேலைக்குச் சேர்ந்து ரிட்டயர்டு ஆகிற காலத்தில் முக்கால்வாசி. நடுவில் யாரோ ஒரு அதிகாரி 'போதும், மூடுங்கள்' என்று கையெழுத்துப் போடாமல் இருந்திருக்கிறாரே, அதுதான் எனக்கு ஆச்சரியம். 2005 செப்டம்பர் 24 அன்று ஐந்து நாரைகளை வெளியே விட்டார்கள். 2007-இல், 46 வருடத்துக்குப் பிறகு, திறந்த வெளியில் பிறந்த குஞ்சு ஒன்று கூட்டைவிட்டுப் பறந்தது. 2022-இல் வெளியில் வாழும் நாரைகளின் எண்ணிக்கை 300-ஐத் தாண்டிவிட்டது.

இந்த ஊரில் எங்கே போனாலும் ஒரு பழைய படம் கண்ணில் படுகிறது. 1960-இல் இஸுஷி ஆற்றில் எடுத்தது. ஆழமில்லாத தண்ணீரில் மாடுகள், ஒரு பெண், கைக்கெட்டும் தூரத்தில் நாரைகள். மாடும் மனுஷியும் பறவையும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளாமல் அவரவர் பாட்டைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் நெஞ்சு இளகத்தான் செய்தது.

ராத்திரிச் சாப்பாட்டில் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்னேன். ஒஜிசான் வாயில் சோற்றோடு தலையாட்டிவிட்டு, தன் அம்மா நாரைகளைக் கல்லால் அடித்து விரட்டுவார் என்றார். நட்ட நாற்றை மிதித்து நாசம் பண்ணும் பறவை அது. அந்தக் காலத்தில் அதற்கு இங்கே பெயர்கூட 'ட்சுரு', அதாவது கொக்குதான். இப்போது உண்டியலிலிருந்து அரிசிப் பை வரைக்கும் எல்லாவற்றிலும் அதன் படம். "அம்மா இருந்தால் சிரிப்பார்" என்றார்.

எனக்கு அந்தப் படத்தைவிட அந்தக் கல் பிடித்திருந்தது. நம் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கேயும் பெண்கள் விதைத்த வயலில் இறங்கும் பறவையைத் திட்டாமலா இருப்பார்கள்?

மூன்றாம் நாள், ஜூன் 12

காலை ஐந்தரைக்கு ஒஜிசான் வாசலில் ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை வைத்துவிட்டு நின்றார். மகன் வயதுப் பையனுடையது போலிருக்கிறது. என் கால் உள்ளே நீந்தியது. கையில் ஒரு வெள்ளைத் தட்டு, கைப்பிடி போட்ட சின்ன வலை. செயலி சொன்னது: "இன்று கால்களை எண்ணுவோம்." செயலிக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பின்னால் போனேன்.

வயல், வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. கோஷிஹிகாரி நெல். நட்டு இரண்டு வாரம் இருக்கும். முதலில் எனக்கு உறுத்தியது தண்ணீரின் ஆழம். விரலை விட்டுப் பார்த்தேன். எட்டு சென்டிமீட்டர் இருக்கும். பயிரின் பாதி உடம்பு தண்ணீருக்குள். நம் ஊரில் இந்தப் பருவத்தில் இவ்வளவு கட்டினால் அப்பா மடையை வெட்டிவிட்டுத்தான் மறு வேலை பார்ப்பார். ஆழம் இருந்தால் குதிரைவாலி மாதிரிக் களைகள் தலை தூக்காது, களைக்கொல்லி வேண்டாம் என்றார் ஒஜிசான். இது 'கோனோடோரியை வளர்க்கும் விவசாய முறை'யில் ஒரு விதி. விதைக்கு மருந்து கிடையாது. 60 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் முக்கி எடுக்கிறார்கள். அறுவடை முடிந்த வயலைக் காயப் போடாமல் குளிர்காலத்திலும் தண்ணீர் கட்டுகிறார்கள். தவிட்டைப் போடுகிறார்கள். நூல் மாதிரிப் புழுக்கள் பெருகிச் சேற்றைக் கடைந்து கடைந்து மேலே தயிர் மாதிரி ஒரு படலம் ஆக்கிவிடும். களை விதை அதற்குள் புதைந்துபோகும். அந்தப் படலத்துக்கு இவர்கள் வைத்த பெயர் 'டொரோடொரோ'. சேற்றில் கையை விட்டால் அந்தப் பெயர் ஏன் என்று புரிந்துவிடும்.

சரி, கால் விஷயத்துக்கு வருகிறேன்.

வரப்போரம் குனிந்து வலையை ஒரு இழுப்பு இழுத்தார். தட்டில் கொட்டினார். கறுப்பாக, உளுந்து அளவிலும் புளியங்கொட்டை அளவிலும் தலைப்பிரட்டைகள். நடுவில் நீர்ப்பூச்சிகள், ஒரு தட்டான்புழு. வெள்ளைத் தட்டில் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஒவ்வொன்றாகச் சுண்டுவிரலால் ஒதுக்கினார். வால் ஆரம்பிக்கிற இடத்தில் பின்கால் முளைத்திருக்கிறதா என்று பார்க்கிறார்! முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் விரல் காட்டிய இடத்தைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தபோது, வாலின் இரண்டு பக்கமும் கடுகு மாதிரி இரண்டு புடைப்பு. இன்னொன்றில் அது மடிந்த காலாகவே ஆகியிருந்தது, ஊசி முனை அளவுக்கு விரல்களோடு. அந்தக் காலை அது இன்னும் பயன்படுத்தவில்லை, வாலால்தான் நீந்துகிறது. கால் சும்மா கூடவே வருகிறது.

வரப்பைச் சுற்றி ஐந்து இடத்தில் அள்ளினோம். நான் எண்ணினேன், அவர் சின்ன நோட்டில் குறித்தார். 63-இல் கால் முளைத்தது 11. "இன்னும் இல்லை" என்றார்.

எதற்கு இன்னும் இல்லை? இங்கேதான் எனக்குத் தெரிந்த விஷயம் வந்தது. நெல் தூர் கட்டி முடிக்கிற சமயத்தில் வயலை ஒரு முறை காயப் போடுவது இவர்கள் வழக்கம். 'நகபோஷி' என்கிறார்கள். வீண் தூர் நிற்கும், வேர் ஆழம் போகும், தரை இறுகினால் அறுவடை இயந்திரம் புதையாது. நாம் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்வதன் ஒரு பாதி. பக்கத்துச் சாதாரண வயல்களில் ஜூன் பாதியிலேயே தண்ணீரை வடித்துவிடுவார்கள். அப்படி வடித்தால் காலில்லாத தலைப்பிரட்டை அத்தனையும் இரண்டு நாளில் கருவாடு. தவளை இல்லை என்றால் நாரைக்குச் சாப்பாடு இல்லை. ஒரு நாரை நாளைக்கு அரைக்கிலோ தின்னும். அதனால் இந்த முறையில் சேர்ந்தவர்கள் தலைப்பிரட்டை தவளையாகும் வரை, ஜூலை ஆரம்பம் வரை, மடையைத் திறப்பதில்லை. அவர்கள் பஞ்சாங்கம் இந்த நோட்டுதான்.

தேதியைப் பார்த்தேன். ஜூன் 12. டெல்டாக்காரர்களுக்கு இந்தத் தேதியைச் சொல்லவே வேண்டாம். குறுவைக்கு மேட்டூர் திறக்க வேண்டிய நாள். சின்ன வயதில் ஜூன் பிறந்தால் வீட்டில் பேச்சே அணையில் எத்தனை அடி என்பதுதான். இதை ஒஜிசானுக்குச் சொல்ல முயன்றேன். "எங்கள் ஊரில் தண்ணீர் எப்போது வரும் என்று காத்திருப்போம்." அவர் யோசித்துவிட்டு, "இங்கே தண்ணீர் எப்போது போகும் என்று காத்திருக்கிறோம்" என்றார். செயலி முதல் தடவையாக ஒழுங்காக வேலை செய்தது.

இதில் அவருக்கு நஷ்டமே இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது. ஆழத் தண்ணீரையும் மீறி வருகிற களைக்கு இயந்திரம் ஓட்ட வேண்டும், அதற்கும் தப்பியதைக் கையால் பிடுங்க வேண்டும். விளைச்சலும் குறைவு. கூட்டுறவு இந்த அரிசிக்குக் கூடுதல் விலை தருகிறது, பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டுக்கும் போகிறது, அதனால் கட்டுப்படியாகிறது. இன்னொரு தலைவலியையும் சொன்னார். வயலில் தண்ணீர் நின்றால் பூமியைச் சூடாக்கும் மீத்தேன் வாயு வருகிறது அல்லவா? 2023 முதல், காய்ச்சலை வழக்கத்தைவிட ஏழு நாள் நீட்டிக்கிற விவசாயிகள், அப்படிக் குறைத்த வாயுவுக்குக் கார்பன் கிரெடிட் என்ற சான்று வாங்கி விற்கலாம் என்று அரசாங்கத் திட்டம் வந்திருக்கிறது. ஒரு பக்கம் 'சீக்கிரம் காய விடு, நிறைய காய விடு'. இன்னொரு பக்கம் 'தவளைக்காகக் காத்திரு'. "பூமியும் நல்லது, தவளையும் நல்லது" என்று சொல்லிவிட்டு வலையை உதறினார். எது சரி என்று அவரும் சொல்லவில்லை, எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் வயலுக்கும் வடிகாலுக்கும் நடுவே சாய்வாக ஒரு மரப்பெட்டி, உள்ளே படிப்படியாகத் தடுப்பு வைத்து, தண்ணீர் சலசலவென்று இறங்குகிறது. மீன் ஏறும் படி. வயல்களைச் சதுரமாக்கி ஒழுங்குபடுத்தியபோது வடிகாலை ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். மழைக்கு வயலில் ஏறி முட்டையிடுகிற மீன்கள் வழி தெரியாமல் கீழேயே நின்றுவிட்டன. இப்போது ஏணி போட்டுக் கொடுக்கிறார்கள். படியின் அடியில் வலையைப் போட்டு ஒன்றைப் பிடித்துக் காட்டினார். விரல் நீளம், மீசை, வழவழப்பு. 'டோஜோ' என்றார்.

அயிரை! நம் அயிரையேதான், கொஞ்சம் தடித்து நீண்டது, அதே குடும்பம். எங்கள் வாய்க்காலில் துண்டை விரித்துப் பிடிப்போம்; மண்சட்டியில் உப்புப் போட்டு அலசி, அம்மா புளிக்குழம்பு வைப்பாள். வயலுக்கு மருந்தடிக்க ஆரம்பித்த பிறகு எந்த வருடம் அயிரை நின்றுபோனது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை. நாரை போனால் ஊர் அறியும். அயிரை போனதை யார் எழுதி வைத்தார்கள்?

'குழம்பு' என்று கையால் கிண்டிக் காட்டினேன். ஒஜிசான் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீரில் விட்டுவிட்டார்.

நான்காம் நாள், ஜூன் 13

விடிந்ததிலிருந்து மழை. வயல் வேலை இல்லை என்று என்னைச் சுற்றுலாப் பயணி ஆக்கிவிட்டார்கள்.

முதலில் கென்புடோ குகை. மருயாமா ஆற்றங்கரையில், அறுகோணத் தூண்களை அடுக்கிவைத்த மாதிரி கறுப்புப் பாறை. 16 லட்சம் வருடத்துக்கு முந்தைய எரிமலைக் குழம்பு இறுகியது. 1926-இல் மட்சுயாமா மொட்டோனோரி என்ற விஞ்ஞானி இந்தக் கல்லைச் சோதித்து, அது உருவான காலத்தில் பூமியின் வடக்கு தெற்கு காந்தம் தலைகீழாக இருந்தது என்று கண்டுபிடித்தார். ஒபாசானுக்கு அதில் அக்கறை இல்லை. இந்தப் பக்கத்து வீடுகளின் கல் சுவரெல்லாம் இதுதான், தூண் உடைந்து விழுந்தால் வெட்டாமலே செங்கல் மாதிரி கிடைக்கும் என்றார்.

ஆற்றைப் பார்த்தால் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. கடைசிப் பகுதியில் சரிவு பத்தாயிரத்துக்கு ஒன்று. பத்து கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்தான் இறக்கம். நம் கடைமடை கெட்டது போங்கள். அதனால்தான் இங்கே சதுப்பு, அதனால்தான் நாரை, அதனால்தான் வெள்ளமும். முன்பு இடுப்பளவு சேற்றில் நின்று நட்டு, கதிரைப் படகில் ஏற்றிக் கொண்டுவருவார்களாம். கரையில் வளர்ந்த வில்லோ என்ற செடியின் மிலாறில் பெட்டி முடைந்தார்கள். அந்தக் கைப்பழக்கத்தில் டொயோகா இன்று பை தைக்கிற ஊர். 2004 அக்டோபரில் புயல் மழையில் கரை உடைந்து நகரமே முழுகியது. முதல் நாரைகளை வெளியே விட ஒரு வருடம்கூட இல்லாத சமயம். ஊர் அப்போதும் திட்டத்தைக் கைவிடவில்லை. ஆற்றை அகலப்படுத்திய வேலையிலேயே கரையோரம் ஆழமில்லாத சதுப்பையும் அமைத்துக்கொண்டார்கள்.

மதியம் கினொசாகி வெந்நீர் ஊற்று. ஏழு பொதுக் குளியலறைகள். அதில் ஒன்றை, அடிபட்ட கால் ஆற ஒரு நாரை நின்றதைப் பார்த்துத்தான் கண்டுபிடித்தார்கள் என்று கதை. உள்ளே ஒரு துணிகூட இல்லாமல்தான் போக வேண்டும். இதை மகன் சொல்லவே இல்லை! ஒபாசான் ஒரு சின்னத் துண்டைக் கொடுத்தார். அதைக் குளிக்கிறவர்கள் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். மேற்கொண்டு எழுதுவதாக இல்லை. முட்டி வலி போய்விட்டது.

ஐந்தாம் நாள், ஜூன் 14

ஆறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் கிராமம். பெயர் 'தாய்'. எழுதும்போது வேறு ஏதோ அர்த்தம். காதில் விழுவது நம் தாய்தான். வீடுகள் கடலைப் பார்த்து நெருக்கமாக நிற்கின்றன. பின்னால் பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு காலத்தில் அடுக்கு வயல். ஆள் இல்லை, மானும் காட்டுப்பன்றியும் விடவில்லை. ஒவ்வொருவராக விட்டுவிட்டுக் கடைசி வயலும் 2006-இல் நின்றது.

2008-இல் அந்தத் தரிசில் நாரைகள் வந்து இறங்கின. விவசாயத்தை விட்டு இரண்டே வருடம்! ஊர்க்காரர்களுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. நெல் போட மறுபடியும் தெம்பில்லை. ஆனால் தண்ணீரைத் தேக்க முடியும். பழைய வரப்பைச் சரிசெய்து, சிற்றோடையைப் பலகையால் தடுத்து, வயலைக் குட்டைகளாக்கினார்கள். வெளியூரிலிருந்து மாணவர்கள் மண்வெட்டியோடு வருகிறார்கள். ஊர்ப் பெண்கள் சிலர் வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்டுகிறார்கள். எல்லோருக்கும் என்னைவிட வயது கூட. 2012-இல் ராம்சார் என்ற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஈரநிலத்தில் இந்தப் பள்ளத்தாக்கும் அடக்கம்.

எங்களைக் கூட்டிப்போன அக்காவுக்கு எழுபது இருக்கும். தரிசில் நடந்துகொண்டே, 'இது எங்கள் வயல், அது என் கொழுந்தனார் வயல், இந்த மூலையில் தண்ணீர் எப்போதும் ஊறும்' என்று சொல்லிக்கொண்டே போனார். பயிர் இல்லை, எல்லை மட்டும் அவர் தலைக்குள் அப்படியே இருக்கிறது. ஒரு நாரையும் அன்று வரவில்லை. அவர் அதற்காக வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை. சேற்றில் மான் குளம்பைப் பார்த்ததும்தான் முகம் சுளித்தார்.

திரும்பும்போது ஒரு கூட்டுக் கம்பத்தின் அடியில் வண்டியை நிறுத்தினோம். பன்னிரண்டு மீட்டர் உயரக் கம்பம், உச்சியில் வட்டத் தட்டு, அதில் சுள்ளிக் கூடு. மூன்று குஞ்சுகள். குஞ்சு என்று சொல்வது வாய்ப்பழக்கம்; தாயளவு இருந்தன. ஒன்று விளிம்பில் நின்று இறக்கையை அடித்து அரை ஆள் உயரம் எழும்பி, மறுபடி கூட்டிலேயே விழுந்தது. எங்களோடு இன்னும் நாலைந்து வண்டிகள். ஒருவர் தொலைநோக்கியில் கால் வளையத்தின் நிறத்தைப் பார்த்து, தகப்பன் எந்த வருடப் பிறப்பு என்று ஜாதகம் சொன்னார். இந்த ஊரில் பிறந்த நாரைக்கெல்லாம் எண் உண்டு.

ராத்திரி எட்டு மணிக்கு ஒபாசான் டார்ச்சை அணைக்கச் சொல்லி வீட்டுக்குப் பின்னால் ஓடைக்குக் கூட்டிப்போனார். மின்மினி. தனித்தனியாகப் பார்த்திருக்கிறேன். இங்கே நூற்றுக்கணக்கில் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன, இரண்டு விநாடிக்கு ஒரு முறை. கிழக்கு ஜப்பானில் இதே பூச்சிக்கு நாலு விநாடியாம். "ஒசாகாக்காரர்கள் அவசரக்காரர்கள், டோக்கியோக்காரர்கள் நிதானம்" என்று ஒபாசான் சொன்னதாகச் செயலி சொன்னது. போன் வெளிச்சம் பட்டதும் பக்கத்தில் இருந்த மின்மினிகள் அணைந்துவிட்டன. பையில் போட்டேன். அதன் பிறகு ஒரு மணி நேரம் நாங்கள் இருவரும் மொழியே இல்லாமல் உட்கார்ந்திருந்தோம்.

ஆறாம் நாள், ஜூன் 15

பத்தரைக்கு ரயில். விடியற்காலை பூட்ஸைத் தேடினேன், வாசலில் இல்லை. ஒஜிசான் ஏற்கெனவே போய்விட்டாரோ என்று ஓடினால், எனக்காக ஒபாசானுடைய பழைய பூட்ஸை எடுத்து வந்துகொண்டிருந்தார். இது காலுக்குச் சரியாக இருந்தது. ஐந்து நாளாக இது எங்கே இருந்தது என்று கேட்கவில்லை.

ஐந்து இடம், ஐந்து அள்ளல். 58-இல் 17. ஒன்றுக்கு முன்கால் ஒரு பக்கம் மட்டும் வெளியே வந்திருந்தது, சட்டையில் ஒரு கையை மட்டும் நுழைத்த பிள்ளை மாதிரி. பக்கத்து வயலில் மடையைத் திறந்துவிட்டிருந்தார்கள், சேறு மினுங்கியது. ஒஜிசான் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்லை, ஒன்றும் சொல்லவும் இல்லை. அந்த வயல்காரர் அவருடைய மைத்துனர் என்று ஸ்டேஷனில் ஒபாசான் சொன்னார்.

இரண்டு கிலோ அரிசி கட்டிக் கொடுத்தார்கள். பையில் நாரைப் படம்.

ஜூலை 5, ஒசாகா

காலையில் ஒரு படம் வந்திருக்கிறது. வரப்பு, வெள்ளைத் தட்டு, தட்டு காலி. ஓரத்தில் பூட்ஸ் மேல் நகம் அளவு ஒரு பச்சைத் தவளை, வால் இன்னும் கொஞ்சம் மிச்சம். கீழே செயலி தமிழில் எழுதியது: "அவர்கள் கிளம்பிவிட்டார்கள். நாளை மடையைத் திறப்பேன். அயிரைக் குழம்பு எப்படிச் செய்வது?"